பிறர் படிக்கக் கேட்பதும் தாமே படிப்பதும்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில், நாட்றம்பள்ளியில் ஆற்றிய உரை)



கல்வியும் முன்னேற்றமும் என்னும் பொதுத் தலைப்பில் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். அத்தலைப்பில் பேசவல்ல சான்றோர் பலர் இம்மேடையில் உள்ளனர். ஆகவே அதனுள் அடங்கியதும் நாம் பெரும்பாலும் மறந்துவிடுவதுமான ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ள இசைவு கேட்டேன், தந்தார்கள். பார்வையற்ற பிள்ளைகளும் பார்வை குறைந்த பிள்ளைகளும் கணிப்பொறியின் துணையால் எவ்வாறு தாமே படிக்கலாம், அதற்கு நாம் செய்ய வேண்டியது யாது என்பதே என் பேச்சின் பொருள்.

முதலில் என் பாட்டனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வாணியம்பாடியில் ஒரு தோல் மண்டியில், சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர். எழுத்தறியாதவர். வீட்டுக்குக் கடிதம் வந்தால் அதை மடியில் செருகிக்கொண்டு, படித்தவர் ஒருவரின் வீட்டுத் திண்ணைக்குக் கீழே போய் நிற்பார். அவர் படிக்க மனம் கொண்டபோது படிப்பார், விட்டதை விட்டுவிடுவார். மறுமுறை படிக்கச் சொல்ல இவருக்கு வாய் வராது. ஒருமுறை கடன் பத்திரம் என்று படித்துக் காட்டப்பட்ட தாளில் கைநாட்டு வைத்தார். அது கிரயப் பத்திரம் என்பது, இருந்த சிறு நிலமும் கைமாறிய பிறகே தெரிந்தது. என் தந்தையாரை அவர் பள்ளிக்கு அனுப்பியது அந்த ஆண்டில்தான். "தாளில என்ன இருக்குதுன்னு நீயே படிச்சுத் தெரிஞ்சுக்கணும்" என்பதே அவர் சொன்ன ஒரே அறிவுரை என்று தந்தையார் சொல்வார்.

அவையோர்களே! பிறர் படிக்கக் கேட்பது வேறு. தாமே படிப்பது வேறு. இந்த வேறுபாட்டை நம் மக்களைவிட நன்கு உணர்ந்தவர் வேறு யாரும் இருக்க முடியாது. ஆனால் நம் வீடுகளிலேயே, நம் பள்ளிகளிலேயே, பார்வையில்லாத பிள்ளை ஒன்று இன்றும் அந்தத் திண்ணைக்குக் கீழே நின்றுகொண்டிருக்கிறது என்பதை நாம் உணரவில்லை. பாடத்தை ஒருவர் படித்துக் காட்ட வேண்டும். தேர்வை ஒருவர் எழுதித் தர வேண்டும். கடிதம் வந்தால் அதையும் ஒருவர் பிரித்துச் சொல்ல வேண்டும். இதுவே இயல்பு என்று நாமும் எண்ணிவிட்டோம்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, நம் நாட்டில் பார்வைக் குறைபாடு உடையோர் ஏறத்தாழ 50 லட்சம் பேர். இவர்களுள் முற்றிலும் பார்வையற்றவர்களும் உள்ளனர்; ஓரளவு பார்வை எஞ்சியவர்களும் உள்ளனர். இவ்விரண்டாம் வகையினரை நாம் எளிதில் அடையாளம் காண்பதில்லை. இதற்குச் சான்று கூற வேறெங்கும் போக வேண்டியதில்லை. என் தவற்றையே கூறுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேறொரு பள்ளியில் பணியாற்றியபோது, ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். அவள் தாயார் ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் தையல் பிரிவில் வேலை செய்பவர். விடியுமுன் கம்பெனிப் பேருந்தில் ஏறி, இருட்டிய பின் வீடு திரும்புபவர். அம்மாணவி வகுப்பில் கேட்ட பாடத்தைச் சொல் பிசகாமல் திருப்பிச் சொல்வாள். எழுத்துத் தேர்விலோ பாதித் தாள் வெறுமையாக இருக்கும். உயரமான பெண் என்று அவளைக் கடைசி வரிசையில் அமர்த்தியவன் நான். சோம்பல் என்று கண்டித்தவனும் நானே. அவள் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில்லை, பக்கத்தில் இருக்கும் பெண் முணுமுணுப்பதைக் கேட்டே எழுதுகிறாள் என்பதை, புதிதாக வந்த இளம் ஆசிரியை ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார்.

வேலூரில் கண் மருத்துவரிடம் காட்டினோம். கண்ணாடி அணிந்த பின்பும் நல்ல கண்ணின் பார்வை 6/60 என்று எழுதிக் கொடுத்தார். அதாவது, நல்ல பார்வையுடையவர் 60 மீட்டர் தொலைவிலிருந்து காணக்கூடியதை அவள் 6 மீட்டருக்குள் வந்தால்தான் காண முடியும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, கண்ணாடி அணிந்த பின்பும் நல்ல கண்ணின் பார்வை 6/18க்கும் கீழே 3/60 வரை இருந்தால் அது குறைபார்வை. அதற்கும் கீழே பார்வையின்மை. ஒன்பது ஆண்டுகள் அப்பெண் பள்ளியில் படித்தும், எங்களில் ஒருவருக்கும் இது தெரியவில்லை. வெட்கத்துடன்தான் இதைச் சொல்கிறேன்.

இனிக் கருவிகளைப் பற்றிக் கூறுகிறேன். பார்வையற்றோர் தாமே படிக்க வழி வகுத்தவர் பிரான்சு நாட்டின் லூயி பிரெயில். 1809இல் பிறந்த அவருடைய வரலாற்றில் நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. அவர் தந்தை நம்மைப்போலத் தோல் வேலை செய்தவர். குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதுக் குழந்தை தந்தையின் பட்டறையில் குத்தூசியை எடுத்து விளையாடியபோது அது கண்ணில் குத்திவிட்டது. நோய் மற்றொரு கண்ணுக்கும் பரவிப் பார்வை முழுதும் போயிற்று. அவரே 1824இல், தம் பதினைந்தாம் வயதில், தாளில் ஊசியால் புள்ளிகளை அழுத்தி, அவற்றை விரலால் தடவிப் படிக்கும் ஆறு புள்ளி எழுத்து முறையை வகுத்தார். கண்ணைப் பறித்த ஊசியின் இனத்தைச் சேர்ந்த ஊசியே பல கோடிப் பேருக்கு எழுதுகோலாயிற்று.

தமிழ்நாட்டில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்குக் கல்விப் பணியைத் தொடங்கினார். 1951இல் இந்திய மொழிகள் அனைத்திற்கும் பொதுவான பாரதி பிரெயில் முறை ஏற்கப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்கின்ஸ் பள்ளி தன் பிரெயில் எழுத்துப்பொறியை வெளியிட்டது. அந்தப் பொறியை உருவாக்கும் பணியில் நமக்கு அண்மையில் உள்ள காட்பாடியின் வொர்த் டிரஸ்ட் தொழிற்கூடத்துக்கும் பங்குண்டு. தொழுநோயிலிருந்து மீண்டோரின் மறுவாழ்வுக்காகத் தொடங்கப்பட்ட இடம் அது. ஊரார் ஒதுக்கிய கைகளுக்கு வேலை தரப் பிறந்த தொழிற்கூடம், பார்வையற்ற விரல்களுக்கு எழுத்தைத் தருகிறது என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

பிரெயிலுக்கு ஒரு தடை உண்டு. தடித்த தாளில் புடைப்பெழுத்தாக அமைவதால் ஒரு பாடநூல் பல பெருந்தொகுதிகளாகிவிடும். எல்லா நூல்களும் அவ்வாறு அச்சாவதில்லை. இந்த இடத்தில்தான் கணிப்பொறி துணைக்கு வருகிறது.

திரைவாசிப்பான் என்று ஒரு மென்பொருள் உண்டு. அது கணிப்பொறித் திரையில் உள்ள எழுத்துகளைப் பேச்சாக மாற்றி உரக்கச் சொல்லும். சுட்டெலி தேவையில்லை, அனைத்தையும் விசைப்பலகையாலேயே செய்யலாம். அம்புக்குறி விசைகளால் வரி வரியாகவும், சொல் சொல்லாகவும், எழுத்து எழுத்தாகவும் நகரலாம். புரியாத வரியை நூறு முறை திரும்பக் கேட்டாலும் அது சலித்துக்கொள்ளாது. இதுவே திண்ணையில் இருந்தவருக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு.

1978இல் ஒரு விபத்தில் பார்வை இழந்த அமெரிக்கர் டெட் ஹெண்டர் உருவாக்கிய ஜாஸ் என்னும் திரைவாசிப்பான் 1989இல் வெளிவந்தது. சிறந்ததே ஆயினும் விலை மிகுந்தது. ஏழைக்கு எட்டாத இந்நிலையை மாற்றியவர்கள் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டே என்னும் இரு இளைஞர்கள். இருவரும் பார்வையற்றவர்கள். 2006இல் கர்ரன் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பானை விலையின்றியே உலகுக்கு வழங்கினர். பார்வையுள்ளோருக்கும் பார்வையற்றோருக்கும் கணிப்பொறியின் விலை ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. ஒரு சிறு பென் டிரைவில் அதை எடுத்துச் சென்று எந்த விண்டோஸ் கணிப்பொறியிலும் இயக்கலாம். அது தமிழையும் படிக்கும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம், எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரி முதலியவை இந்திய மொழிகளுக்கான பேச்சுக் குரல்களை உருவாக்குவதில் உழைத்துள்ளன. தொடக்கத்தில் அக்குரல் இயந்திரத்தனமாகத் தோன்றும். சில நாட்களில் செவி பழகிவிடும்.

ஓரளவு பார்வை உள்ளோருக்கு விண்டோஸிலேயே உருப்பெருக்கி உள்ளது. விண்டோஸ் விசையுடன் கூட்டல் குறியை அழுத்தினால் எழுத்து பெரிதாகும். வெண்பரப்பில் கரிய எழுத்து கண்ணைக் கூசச் செய்தால், கரும்பரப்பில் வெள்ளெழுத்தாக மாற்றிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் டாக்பேக் என்னும் பேசும் வசதியும் உள்ளது. அச்சிட்ட தாளைக் கைப்பேசியால் படமெடுத்து, அதிலுள்ள தமிழ் எழுத்துகளைப் படிக்கச் செய்யும் வசதியும் வந்துவிட்டது.

இவற்றையெல்லாம் கேள்வியுற்று, என் மாணவிக்காகப் பள்ளிக் கணிப்பொறி ஒன்றில் என்.வி.டி.ஏ. மென்பொருளை நிறுவினேன். பல ஆண்டுகளாக நானே தட்டச்சு செய்து சேர்த்து வைத்திருந்த தமிழ் வினாத்தொகுப்பைப் பெருமையுடன் திறந்து வைத்து, "படி, அம்மா" என்றேன். முதல் பாடத்தின் முதல் சொல் "அம்மா". திரையில் எனக்கு அது தெளிவாகவே தெரிந்தது. கணிப்பொறியோ, "எம், கே, செமிகோலன், கே, எச்" என்று படித்தது. அம்மாணவி சிரித்தாள். "சார், இந்தக் கம்ப்யூட்டருக்குப் படிக்கத் தெரியாதா சார்?" என்று கேட்டாள்.

குற்றம் கணிப்பொறியுடையதன்று, என்னுடையது. பழைய முறையில் பாமினி என்னும் எழுத்துருவில் நான் தட்டச்சு செய்திருந்தேன். அம்முறையில் உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்துகளே. அவற்றின்மேல் தமிழ் வடிவம் போர்த்தப்பட்டிருக்கும். கண்ணுக்கு அது தமிழ்; கணிப்பொறிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்து வரிசை. என் பாட்டனார் கைநாட்டு வைத்த பத்திரம் அப்போது என் நினைவுக்கு வந்தது. மேலே ஒன்று, உள்ளே வேறொன்று. அந்தத் தாளைக் கொடுத்தவன் இம்முறை நான்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறி முறை 1991இல் வெளிவந்தபோதே தமிழும் அதில் இடம் பெற்றிருந்தது. தமிழக அரசும் 2010இல் ஒருங்குறியை ஏற்று ஆணை பிறப்பித்தது. ஒருங்குறியில் எழுதிய தமிழே திரைவாசிப்பானுக்குத் தமிழ். ஆயினும் வினாத்தாள்களும் சுற்றறிக்கைகளும் பழைய எழுத்துருக்களில் இன்னும் உலவுகின்றன. வேறு சில ஆவணங்கள் தாளைப் படமெடுத்து அப்படியே அனுப்பப்படுகின்றன. படம் என்பது திரைவாசிப்பானுக்கு வெற்றுச் சுவர். ஆகவே, கருவி வந்துவிட்டது, கவலை தீர்ந்தது என்று நாம் இருந்துவிட முடியாது. நாம் ஒழுங்காக எழுதி வைத்ததை மட்டுமே அது படிக்கும். அதைக் காப்பதும் கெடுப்பதும் பார்வையுள்ள நம் கையில்தான் இருக்கிறது.

இரண்டு மாத விடுமுறையில் அத்தொகுப்பு முழுவதையும் ஒருங்குறிக்கு மாற்றினேன். மாற்றித் தரும் மென்பொருள்கள் உள்ளன. பிழை திருத்துவதே பெரும்பணி. அப்பெண் எழுத்தைப் பெரிதாக்கிக் கொண்டு, காதாலும் கண்ணாலும் ஒருசேரப் படிக்கத் தொடங்கினாள். அதுவரை காதால் மட்டுமே கற்றவளாதலால், லகரத்தையும் ளகரத்தையும் மாற்றி மாற்றி எழுதி வந்திருந்தாள். ஒவ்வொரு சொல்லையும் எழுத்தெழுத்தாகப் பார்த்துத் தானே திருத்திக் கொண்டாள். பிறர் எழுதித் தரும் தேர்வில் இப்பிழை வெளிப்பட்டிருக்காது. அவளும் திருந்தியிருக்க மாட்டாள்.

கல்வியே கண் என்று வள்ளுவர் கருத்தை நாம் மேடைதோறும் முழங்குகிறோம். அவர் கண் என்றது முகத்தில் உள்ள உறுப்பை அன்று என்பதை அந்நாளில்தான் நான் சரியாக உணர்ந்தேன்.

இது ஒரு தனி மாணவியின் செய்தி மட்டுமன்று. சென்னையைச் சேர்ந்த பெனோ செபைன் அவர்கள் முற்றிலும் பார்வையற்றவர். பிரெயில் நூல்களாலும் திரைவாசிப்பானாலும் படித்து, 2013ஆம் ஆண்டு குடிமைப் பணித் தேர்வில் 343ஆம் இடம் பெற்று, 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். மதுரையைச் சேர்ந்த பூரண சுந்தரி அவர்கள் 2019ஆம் ஆண்டுத் தேர்வில் 286ஆம் இடம் பெற்றார். இவர்கள் வென்றது இரக்கத்தாலன்று, படிப்பால்.

சட்டமும் நமக்குத் துணையாக உள்ளது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், நூல்களை மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவுக்கு மாற்ற இடமளித்தது. இதே நோக்குடன் 2013இல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் முதன்முதலாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியாவே. 2016இல் சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகம் தொடங்கப்பட்டது. அச்சு நூலைப் படிக்க இயலாதவர்கள் உறுப்பினராகி, படிக்கத்தக்க வடிவில் நூல்களை அதிலிருந்து இறக்கிக்கொள்ளலாம். 1998இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம் நம் இலக்கியங்கள் பலவற்றை விலையின்றி இணையத்தில் வைத்துள்ளது. அவற்றில் ஒருங்குறி வடிவில் உள்ளவற்றைத் திரைவாசிப்பான் தடையின்றிப் படிக்கும். 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசு வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 விழுக்காடும், அதனுள் பார்வையற்றோருக்கும் குறைபார்வையினருக்கும் 1 விழுக்காடும் ஒதுக்குகிறது. உயர்கல்வியில் 5 விழுக்காடு ஒதுக்குகிறது. இடஒதுக்கீடு என்னும் சொல்லின் அருமையை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அது ஏட்டில் இருந்தால் போதாது, தகுதியோடும் சான்றிதழோடும் போய் நின்றால்தான் கிட்டும் என்பதும் நீங்கள் அறிந்ததே.

குறைகளையும் மறைக்கலாகாது. கணக்குச் சமன்பாடுகளையும் வரைபடங்களையும் நிலப்படங்களையும் இக்கருவிகள் இன்னும் செம்மையாகச் சொல்வதில்லை. பிரெயிலைக் கைவிட்டுப் பேச்சை மட்டும் நம்பினால் பிள்ளைக்கு எழுத்துப் பிழை மிகும். பிரெயிலும் கணிப்பொறியும் இரு கைகள் போன்றவை. ஒன்றிருக்க மற்றதை வெட்டிக்கொள்ள வேண்டா.

இந்த வெள்ளி விழா ஆண்டில் நம் கழகம் செய்யத்தக்கவை என ஐந்து பணிகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, மாலைநேர வகுப்புக்கு வரும் பிள்ளைகள் அனைவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை கண் பரிசோதனை. புத்தகத்தை மூக்கருகே பிடிக்கும் பிள்ளையையும், பலகையைப் பார்க்காமல் எழுதும் பிள்ளையையும் அடிக்காதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இரண்டாவது, அத்தகைய பிள்ளைகளுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பெற்றுத் தருதல். 2019இல் திருப்பத்தூர் தனி மாவட்டமானதால், இதற்காக வேலூர் வரை போக வேண்டிய நிலை இப்போதில்லை. ஆயினும் ஒருநாள் கூலியை இழந்து தனியே அலையும் தாய்க்குத் துணையாக, கழகத்திலிருந்து ஒருவர் உடன் செல்ல வேண்டும்.

மூன்றாவது, கழக நூலகத்தில் உள்ள கணிப்பொறிகளில் ஒன்றிலேனும் என்.வி.டி.ஏ. நிறுவி, நல்ல காதுப்பேசி ஒன்றை வைத்தல். செலவு காதுப்பேசிக்கு மட்டுமே.

நான்காவது, விசைப்பலகைப் பயிற்சி. ஆங்கில எஃப், ஜே எழுத்துகளுக்குரிய விசைகளில் சிறு மேடு இருக்கும். சுட்டுவிரல்களை அங்கு வைத்துக்கொண்டால் பாராமலே தட்டச்சு செய்யலாம். தமிழுக்கு 1999இல் தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையைக் கற்பித்தல் நலம். தேர்வில் கணிப்பொறியைப் பயன்படுத்தவும் மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகள் இடம் தந்தன. மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரமும் அவற்றில் கூறப்பட்டிருந்தது. பயிற்சி இருந்தால் அல்லவா அவற்றைக் கேட்டுப் பெற முடியும்?

ஐந்தாவது, கழகம் வெளியிடும் அனைத்தும் ஒருங்குறியில் இருத்தல். இந்த வெள்ளி விழா மலரையே அதன் தொடக்கமாகக் கொள்ளலாம். அச்சுப் பிரதியோடு, திரைவாசிப்பான் படிக்கத்தக்க பிரதி ஒன்றையும் வெளியிட வேண்டுமென மலர்க்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். நம் வரலாற்றை நம் பிள்ளைகளில் ஒருவரால் படிக்க முடியவில்லை என்றாலும் அது நமக்குக் குறையே.

அண்ணல் அம்பேத்கர் அவர்கள் தம் இறுதி ஆண்டுகளில் நீரிழிவால் நலிந்து, கண்பார்வையும் மங்கித் துன்புற்றார்கள். நூல்களையே உயிராகக் கொண்ட அப்பெருமகனுக்கு அது எத்தகைய வேதனையாக இருந்திருக்கும்! அவர் காலத்தில் இக்கருவிகள் இல்லை. நம் காலத்தில் உள்ளன. நம் வீட்டு முதியோருக்கும் இவை பயன்படும் என்பதை மறவாதீர்கள்.

இறுதியாக ஒன்று. என் மாணவி இன்று கல்லூரியில் படிக்கிறாள். சென்ற பொங்கலுக்கு வீட்டிற்கு வந்து பார்த்தாள். அவள் தாயாருக்கு வருங்கால வைப்பு நிதி பற்றி ஒரு கடிதம் வந்திருந்ததாம். தெருவில் யாரிடமும் அதைக் கொண்டு போகவில்லை. மகள் கைப்பேசியால் அதைப் படமெடுத்து, காதில் கேட்டு, தாய்க்கு வரிவரியாக விளக்கினாள். ஓரிடத்தில் தொகை குறைவாக இருப்பதைக் கண்டு, கேட்டு எழுதச் சொன்னவளும் அவளே. "எங்க வீட்டுல தாள் எது வந்தாலும் நான்தான் சார் படிக்கிறேன்" என்றாள்.

என் பாட்டனார் நின்ற திண்ணை எனக்குத் தெரியும். அந்தத் திண்ணைக்குக் கீழே இனி நம் பிள்ளைகளில் ஒருவரும், கண் தெரியாத பிள்ளையும், நிற்கலாகாது. அதற்கு நாம் உழைப்போமாக.